மதுவடிமை: குற்றமா, நோயா?

விருதுநகரில் 1956 சூலை 27 அன்று உண்ணாநோன்பு தொடங்கிய தியாகி சங்கரலிங்கனாரை, ‘தமிழ்நாடு’ என்னும் பெயருக்காக உயிர் நீத்தவர் என்றே போற்றுகிறோம். அவர் முன்வைத்த கோரிக்கைகளுள் நாடெங்கும் மதுவிலக்கு என்பதும் ஒன்றென்பது பலர் நினைவில் இல்லை. குடியை ஒழுக்கக்கேடாகக் கண்டு சட்டத்தால் தடுக்க முனைந்த தலைமுறையின் குரல் அது. 1937இல் இராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொணர்ந்ததும் இந்நோக்கிலேயே.

இதனை அறநெறிக் கோட்பாடு என்பர். குடிப்பவன் மனவுறுதி அற்றவன். அவனைத் திருத்த அறிவுரையும் தண்டனையும் போதும் என்பது இதன் முடிபு. கள்ளைக் கடிந்த வள்ளுவரோ, களித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிப்பது நீருள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவதற்கு ஒப்பாகும் என்ற கருத்தையும் உரைத்தார். அறிவுரையின் எல்லையை அவர் அறிந்திருந்தார்.

1960இல் ஜெல்லினெக் வெளியிட்ட நூல், குடியடிமையை நோயெனக் காணும் கோட்பாட்டைப் பரப்பியது. அதற்கு முன்பே 1954இல் ஓல்ட்ஸ், மில்னர் ஆகிய இருவர் எலியின் மூளையில் மின்கம்பி பொருத்திச் சோதித்தனர். விசையை அழுத்தினால் மூளையின் குறிப்பிட்ட பகுதி தூண்டப்படும். எலி ஓயாது விசையை அழுத்தியது. மதுவும் இவ்வின்ப வழியையே பற்றிக்கொள்கிறது. அளவு ஏற ஏற, பழைய மயக்கத்திற்குக் கூடுதல் மது வேண்டியதாகிறது. அந்நிலையில் மனவுறுதியை மட்டும் பழிப்பது முறையன்று.

ஆயின் நோய் மட்டுமே காரணமா? வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரருள் பெரும்பாலோர், தாயகம் திரும்பியபின் அப்பழக்கத்தை விட்டதாக லீ ராபின்ஸ் 1970களில் கண்டறிந்தார். போர்க்களம் மாறியது, பழக்கமும் மாறியது.

இவ்விடத்தில் சிவகாசியை எண்ணாதிருக்க இயலவில்லை. (பட்டாசுத் தொழிலாளர் எல்லாரும் குடிப்பவர் என்பது வீண்பழி.) உடல்நோவு, விபத்தச்சம், மழைக்காலத்து வேலையின்மை, வாரக்கூலி கைக்கு வரும் மாலை, வழியிலேயே கடை: இவை கூடுமிடத்தில் குடிக்கும் வேளையும் கற்ற பழக்கமாகிவிடுகிறது. வெடிகலவையை இங்கு ‘மருந்து’ என்றே வழங்குவர். உராய்வைப் பொறாத அம்மருந்தைக் கையாளும் விரல் நடுங்கினால், விளைவு ஒருவனோடு நிற்பதில்லை.

அந்நடுக்கம் குடித்ததால் மட்டும் வருவதன்று, குடியாமையாலும் வரும். நோன்பு மாதத்திலும் சபரிமலைக்கு மாலை அணியும் நாள்களிலும் குடியை அறவே விடுவோர் உளர். சூழலின் வலிமைக்கு அது சான்று. எனினும் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துங்கால், ஓரிரு நாள்களில் வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி உயிருக்கே ஊறு நேரலாம். அதனை நடிப்பென்று ஏசும் வீட்டார் பலர். நிறுத்த எண்ணுபவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லல் வேண்டும். 2022 சனவரியில் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றுள்ளது. இதற்கென மதுரைக்குச் செல்ல வேண்டிய நிலை இன்றில்லை.