வாயில் வெள்ளை படிந்தவருக்கு மருந்து எழுதும் முன்

சேலம், நாமக்கல் பக்கம் புதிதாகப் பணிக்கு வரும் பல் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இதே வேலையில் தலை நரைத்த ஒருவர் சொல்வது:

1. முதலில் காது கொடுங்கள். "வாயெல்லாம் வெந்து கெடக்குதுங்க, காரமே ஆகறதில்லைங்க" என்பார். உங்களிடம் வருவதற்குள் உடம்புச் சூடு என்று மணத்தக்காளிக் கீரை, இளநீர், மெடிக்கலில் வாங்கிய பி காம்ப்ளெக்ஸ் எல்லாம் பார்த்திருப்பார். அதற்காகத் திட்டாதீர்கள், திட்டினால் அடுத்த கேள்விக்கு உண்மையான பதில் வராது.

2. பல்செட்டைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து, காஸ் துணியால் அந்த வெள்ளையை வழித்துப் பாருங்கள். வழித்ததும் வந்து, அடியில் செக்கச்செவேலென்று இருந்தால் பெரும்பாலும் கேண்டிடா பூஞ்சைதான். வழித்தும் வராத வெள்ளைக்குப் பூஞ்சை மருந்து தடவி மாதக்கணக்கில் ஓட்டாதீர்கள். வெற்றிலையோடு புகையிலை அடக்குகிறவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு அது புற்றுநோயின் முன்நிலையாக இருக்கலாம், சதைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வெள்ளையே இல்லாமல் அண்ணமும் நாக்கும் சிவந்திருப்பதும், கடைவாய் வெடித்திருப்பதும் இதே பூஞ்சையால் வரலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

3. ஏன் வந்தது என்று கேட்காமல் சீட்டு எழுதாதீர்கள். திடமாக இருப்பவர் பலரின் வாயிலும் கேண்டிடா சும்மா குடியிருக்கிறது. பெரும்பாலும் உடம்பின் எதிர்ப்பு தளரும்போதுதான் தலைதூக்கும். சர்க்கரை எவ்வளவு? கீமோ ஓடுகிறதா? சிறுநீரகம் மாற்றியவரா? ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுக்கிறாரா? (இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பச் சொல்லுங்கள், பாதிப் பேருக்கு இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.) மூட்டுவலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் மாத்திரை வாங்குகிறாரா? அதிலும் ஸ்டீராய்டு இருக்கக்கூடும்.

இது எதுவும் இல்லையென்றால் எச்.ஐ.வி. பரிசோதனை. 1981 ஜூனில் அமெரிக்காவில் எய்ட்ஸைப் பற்றி வெளியான முதல் அறிக்கையில் இருந்த 5 பேருக்கும் கேண்டிடா தொற்று இருந்தது. சென்னையில் 1986-இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பின் நாமக்கல்லின் பெயர் லாரியோடும் எச்.ஐ.வி.யோடும் சேர்ந்தே அடிபட்டது. அதனாலேயே ஓட்டுநரை மட்டும் சந்தேகிக்கும் பழக்கம் இங்கே ஊறிவிட்டது. அதை விடுங்கள். கணவரிடமிருந்து தொற்று வந்ததை வெளிப்படையாகச் சொன்ன நாமக்கல் பெண் கௌசல்யா பெரியசாமி, 1998-இல் மற்ற பெண்களோடு சேர்ந்து தொற்றுள்ள பெண்களுக்கென ஓர் அமைப்பையே தொடங்கினார். எதிரே உட்கார்ந்திருக்கும் அம்மாவிடமும் கேட்கத்தான் வேண்டும். ஆனால் வரிசையில் நிற்பவர்கள் காதில் விழக் கேட்காதீர்கள். சம்மதம் வாங்கி நம்பிக்கை மையத்துக்கு (அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையம்) அனுப்புங்கள். சம்மதமும் ரகசியமும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டப்படி அவருடைய உரிமை.

4. லேசான தொற்றுக்கு குளோட்ரிமசோல் மவுத் பெயிண்ட் அல்லது நிஸ்டாட்டின் போதும். 7 முதல் 14 நாள். தடவியதும் தண்ணீர் குடித்துவிட்டால் மருந்து வயிற்றுக்குத்தான் போகும், கொஞ்ச நேரம் வாயிலேயே நிற்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பையும் நிஸ்டாட்டினையும் அடுத்தடுத்துக் கொடுத்தால் ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கும், இடைவெளி விடுங்கள். பல்செட்டை ராத்திரி கழற்றி வைக்காதவருக்கு எந்த மருந்தும் நிற்காது.

5. எதிர்ப்புச் சக்தி நன்றாகக் குறைந்தவருக்கு, அல்லது வாய் முழுக்கப் பரவியிருந்தால், ஃபுளுகோனசோல். தினம் 100 முதல் 200 மில்லிகிராம், 7 முதல் 14 நாள். மெடிக்கலில் 150 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை வாங்கிப் போட்டுவிட்டு "சரியாகலைங்க" என்று வருவார்கள். அந்த ஒற்றை மாத்திரைக் கணக்கு பெண்களின் பிறப்புறுப்புத் தொற்றுக்கானது. வாய்க்கு அது பற்றாது. அரைகுறையாகத் திரும்பத் திரும்பப் போட்டால் பூஞ்சை மருந்துக்குப் பழகிவிடும். கேண்டிடா க்ரூசே போன்ற சில வகைகள் இந்த மருந்துக்கு முதலிலேயே கேட்காது. முழு வேளையும் சாப்பிட்டுக் குறையவில்லையென்றால் அளவை ஏற்றுவதற்கு முன் கல்ச்சருக்கு அனுப்புங்கள்.

6. விழுங்கும்போது நெஞ்சு வலிக்கிறதா? இதைக் கேட்காமல் யாரையும் அனுப்பாதீர்கள். வலித்தால் பூஞ்சை உணவுக்குழாய்க்கு இறங்கியிருக்கலாம். எச்.ஐ.வி. உள்ளவருக்கு அது நோய் முற்றி எய்ட்ஸ் ஆனதன் அடையாளங்களில் ஒன்று. மவுத் பெயிண்ட் அங்கே எட்டாது. மாத்திரையே 14 முதல் 21 நாள் வேண்டும், பெரிய மருத்துவமனையும் வேண்டும்.

7. மாத்திரைப் பையைக் கொட்டச் சொல்லிப் பாருங்கள். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்கு ஃபுளுகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். வார்ஃபரின் இருந்தால் ரத்தக்கசிவு ஆபத்து. காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஃபுளுகோனசோலின் வீரியத்தைக் குறைக்கும். கர்ப்பிணியா என்று கேளுங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு அளவு வேறு.

8. சாப்பாட்டுக்குச் சத்து பானம் எழுதிக் கொடுக்காதீர்கள். ஆறிய ஜவ்வரிசிக் கஞ்சி, மோர் விட்டுக் கரைத்த ராகிக் கூழ், காரமில்லாமல் பொரித்த முட்டை. மூன்றும் இந்த மண்ணில் மலிவு.

9. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் பூஞ்சை திரும்ப வராமல் காப்பது ஏ.ஆர்.டி. மாத்திரைதான், சி.டி.4 ஏறினால் வாய் தானாகத் தெளியும். திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டியில் வடக்கே போகிறவர் மாதக்கணக்கில் ஊர் திரும்ப மாட்டார். வண்டி எப்போது கிளம்புகிறது, எந்த ஊர்ப் பக்கம் என்று கேட்டு, மாத்திரை ஏற்பாட்டுக்கு முன்கூட்டியே ஏ.ஆர்.டி. மையத்தில் பேசச் சொல்லுங்கள். மீதி நாட்களுக்கான பூஞ்சை மருந்தையும் எண்ணிக் கையோடு கொடுத்து அனுப்புங்கள்.