எப்ப திரும்பிப் போறியள்?

ஊழியம் முடித்து யாழ்ப்பாணம் வரும் குடும்பங்களுக்கு

ஊர் வந்த முதல் ஞாயிறு. ஆராதனை முடிந்து வேப்பமர நிழலில் நிற்கிறீர்கள். ஒரு ஐயா வருவார்.

“எப்ப வந்தனீங்கள்?”

“போன கிழமை, ஐயா.”

“எப்ப திரும்பிப் போறியள்?”

“போகேல்லை. இனி இங்கைதான்.”

ஐயாவின் குரல் இறங்கும்: “ஏன் தம்பி, அங்கை ஏதும் பிரச்சினையோ?”

பல வருடம் வெளிநாட்டில் மிஷனரிகளாக இருந்துவிட்டு வரும் குடும்பம் இந்தக் கேள்விக்குத் தப்பமுடியாது. போனவர் திரும்பினால் ஏதோ பிழைத்துவிட்டது என்பது ஊரின் கணக்கு. அந்தக் கணக்கை மாற்ற உங்கள் கையில் ஒரு வேலை இருக்கவேண்டும். அதற்கான ஆயத்தம் விமானம் ஏறுமுன்பே தொடங்கவேண்டும்.

மானிப்பாயிலிருந்து ஒரு பாடம்

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். பத்து வருடத்தின் பின் விடுப்பில் போனவர், 1862இல் மனைவியோடு திரும்பினார். உடல்நிலை இடம்கொடாமல் 1873இல் குடும்பத்தோடு நிரந்தரமாக அமெரிக்காவுக்குப் போனார். அதற்கிடையில் மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டோருக்கு மேலைத்தேய வைத்தியம் கற்பித்திருந்தார். பின்னைய வகுப்புகளைத் தமிழிலேயே நடத்தினார். தமிழில் படித்தவர்கள் அரச உத்தியோகம் தேடிப் போகாமல் கிராமங்களிலேயே தங்குவார்கள் என்பது அவருடைய கணிப்பு.

ஊர் திரும்பிய பிறகும் அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை. மாசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் இருந்தபடியே தமிழ் வைத்திய நூல்களைத் திருத்தினார், மொழிபெயர்த்தார். ‘கெமிஸ்தம்’ 1875இலும் ‘இந்து பதார்த்த சாரம்’ 1884இலும் வெளிவந்தன. அந்த 1884இலேயே அவர் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்றே அவருடைய கல்லறைக் கல் இன்றும் சொல்கிறது.

அவர் செய்த மூன்று காரியங்கள் நமக்கும் பொருந்தும்: ஆட்களைப் பழக்கிவிட்டுப் போனார், எழுத்தில் விட்டுப்போனார், ஒரு வேலையைக் கையோடு கொண்டுபோனார்.

புறப்பட ஆறு மாதம் முன்

உங்கள் இடத்துக்கு வருபவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பழகட்டும். கணக்கு, திறப்புகள், யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தீர்கள் என்பதெல்லாம் ஒரு கொப்பியில் இருக்கட்டும். தொலைவில் இருந்து செய்யக்கூடிய ஒரு வேலையை, மொழிபெயர்ப்போ பாடத்திட்டமோ, உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். ஐயாவுக்குச் சொல்லும் பதில் அதுதான்.

கடதாசி வேலை

வெளிநாட்டில் பிறந்த பிள்ளை தானாக இலங்கைப் பிரசை ஆகிவிடாது. பிறப்பைப் பதிந்து குடியுரிமைச் சான்றிதழ் எடுக்கவேண்டும். அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்திலேயே முடித்துவிட்டால் அலைச்சல் குறைவு. வெளிநாட்டுப் பட்டம் இருந்தால் அதன் அங்கீகாரத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் உறுதிப்படுத்துங்கள். இங்குள்ள ஆவணங்களை அத்தாட்சிப்படுத்தக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் 2017 முதல் பிராந்திய கொன்சியூலர் அலுவலகம் இருக்கிறது. வந்த கிழமையே கிராம சேவகரிடம் பதிவைச் சரிசெய்யுங்கள். அது இல்லாமல் வேறு எதுவும் நகராது.

வீடும் வளவும்

ஊழியக்காரருக்கு மிஷன் வீடு கிடைக்கும். ஊழியம் முடிந்தால் திறப்பைக் கொடுக்கவேண்டும். ஆகவே ஊரில் எங்கே இருப்பது என்று முன்பே பேசி முடித்துவிடுங்கள். சீதன வளவு இருந்தால் உறுதியை எடுத்துப் பாருங்கள். வேலி நகர்ந்திருக்கிறதா என்று அளந்து பாருங்கள். உங்கள் உரிமையை மறுத்து ஒருவர் பத்து வருடம் தடையின்றி ஆண்ட காணிக்கு ஆட்சியுரிமை கேட்கச் சட்டம் இடம்தருகிறது. வளவில் உறவுக்காரர் இருக்கிறார்களென்றால் அன்பாகப் பேசுங்கள், ஆனால் எழுத்தில் பேசுங்கள்.

‘ஊழியம்’ என்ற ஒரு சொல் போதாது

சுயவிபரக்கோவையில் “பத்து வருடம் ஊழியம்” என்று மட்டும் எழுதினால் வாசிப்பவருக்கு எதுவும் புரியாது. பிரித்து எழுதுங்கள்: எத்தனை பிள்ளைகள் இருந்த விடுதியை நடத்தினீர்கள், எவ்வளவு பணத்துக்குக் கணக்குக் காட்டினீர்கள், எந்தக் கட்டடத்தை மேற்பார்த்தீர்கள், எத்தனை மொழியில் கூட்டம் நடத்துவீர்கள். துணைவியாரின் வேலைக்கும் தனியாக ஒரு கோவை வேண்டும். மிஷன் ஆவணங்களில் “போதகரின் மனைவி” என்று மட்டும் இருப்பவர் உண்மையில் ஒரு பாலர் பாடசாலையையே நடத்தியிருப்பார்.

அரச நியமனங்களுக்கு வயதெல்லை குறுக்கே நிற்கும். சபைப் பாடசாலைகள், தொண்டு நிறுவனங்கள், மொழிபெயர்ப்பு என்று தேடுங்கள். சம்பளத்தோடு ஊழியர் சேமலாப நிதி உண்டா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தொழிலாளி 8 வீதம், தொழில்தருநர் 12 வீதம். வெளிநாட்டு வருடங்களுக்கு இந்தச் சேமிப்பு இராது என்பதால் இனி வரும் ஒவ்வொரு மாதமும் பெறுமதியானது.

பிள்ளைகள்

உங்களுக்கு இது திரும்பி வருதல், பிள்ளைக்குக் குடிபெயர்வு. குசினி வாசலில் நின்று அது “அம்மம்மா, நீ சாப்பிட்டியா?” என்று கேட்கும். அம்மம்மா சிரித்துவிடுவார், பக்கத்து வளவிலிருந்து வந்த மாமி சிரிக்கமாட்டார். “சாப்பிட்டீங்களோ” என்று சொல்லப் பழக்குங்கள், ஆனால் ஆட்கள் முன்னால் திருத்தாதீர்கள். தமிழ்மொழி வகுப்பில் சேர்க்குமுன் வலயக் கல்விப் பணிமனையில் எந்தத் தரம் என்று கேளுங்கள். சாதாரண தரத்துக்கு ஒரு வருடம் முன்னர் இடம்மாற்றுவதைக் கூடியவரை தவிர்க்கவும்.

மேடை

முதல் மாதங்களில் எல்லாச் சபையும் பேசக் கூப்பிடும். ஒரு நோக்கத்தோடு பேசுங்கள். 1880இல் மிஷனரிகளாக இங்கு வந்த மேரி, மார்கரெட் லீச் சகோதரிகள் ஊர் திரும்பியதும் ஏழு வருட அனுபவத்தை 1890இல் புத்தகமாக்கினார்கள். யாழ்ப்பாணத்துக்காகப் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மேடை மேடையாகப் பணம் சேர்த்தார்கள். 1898இல் திறந்த இணுவில் மக்லியொட் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது. மூன்று மாதத்துக்குப் பிறகு மேடையைக் குறையுங்கள். ஊர்ச் சபையில் பின் வாங்கில் இருந்து கேட்கவும் ஒரு காலம் வேண்டும்.

அடுத்த ஞாயிறும் ஐயா வருவார். “அங்கை தொடங்கின புத்தகம் அரைவாசி நிக்குது ஐயா, இங்கை இருந்துதான் முடிக்கப்போறன். ஒருக்கா வாசிச்சுப் பாக்கிறியளோ?” என்று கேளுங்கள். அதன் பிறகு அவர் பயணத் திகதி கேட்கமாட்டார், புத்தகம் எந்தளவில் என்றுதான் கேட்பார்.