கண்ணாடியிழை அச்சு: முதன்முயற்சியிற் கற்றவை

பொருள்களை ஆக்கும் முறை இருவகைப்படும். ஒன்று, செதுக்கியும் தட்டியும் ஒரு பொருளை நேரே உருவாக்குதல். மற்றொன்று, அப்பொருளின் உருவைத் தாங்கும் அச்சொன்றை முதலில் அமைத்து, அதனின்றும் பொருளைப் பெறுதல். முன்னதற்குக் கைத்திறன் வேண்டும். பின்னதற்கு அதனினும் மிகுதியாகப் பொறுமை வேண்டும். இவ்வுண்மையை யாம் நூலிற் கற்றிலேம். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றின் பக்கமூடியைச் செய்யப் புகுந்து, முதன்முறை தோற்றுக் கற்றோம். தமிழ் பயிலும் மாணாக்கர்க்கு இத்தொழிலில் என்ன வேலை என்று வினவும் அன்பர்கள், இக்கட்டுரையை இறுதிகாறும் படிக்குமாறு வேண்டுகின்றோம்.

முயற்சியின் தோற்றம்

எம் விடுதித் தோழர் ஒருவரின் தந்தையார் காலஞ்சென்று நான்கு ஆண்டுகள் ஆயின. அவர் ஓட்டிய வண்டி வீட்டுத் திண்ணையோரத்தில் நின்றிருந்தது. அதனைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுக்க அன்னையார் இசைந்திலர். எஞ்சினைப் பழுதுபார்த்தாயிற்று; ஆயின், வலப்பக்க மூடி துருவேறி உதிர்ந்துவிட்டது. அவ்வகை மூடி கடைகளிற் கிடைத்திலது. முதிய மெக்கானிக் ஒருவர் தம் சொந்த வண்டியினின்று கழற்றி, ஒரு திங்களுக்குக் கடனாக ஒன்று தந்தார். "அச்சு எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி, கொடுத்தபடியே திருப்பித் தந்துவிடுங்கள்" என்பதே அவர் கூறிய நிபந்தனை.

கண்ணாடியிழையாவது யாது?

உருக்கிய கண்ணாடியை மயிரினும் மெல்லிய இழையாக இழுத்து, அவ்விழைகளைத் துண்டித்துப் பாய்போற் பரப்பியது 'மேட்' எனப்படும். இதனைப் பாலியெஸ்டர் ரெசின் என்னும் பிசினில் ஊறவைத்து இறுகச் செய்வதே தொழில். இழை வலிமை தரும். ரெசின் இழைகளைப் பிணித்து உருவத்தை நிலைநிறுத்தும். அமெரிக்காவில் கேம்ஸ் ஸ்லேட்டர் என்பார் 1932-ஆம் ஆண்டு முதலாகக் கண்ணாடியிழையைப் பெருமளவிற் செய்யும் வழியைக் கண்டார். 1953-இல் செவர்லே நிறுவனம் கார்வெட் என்னும் காருக்கு இதனாலேயே உடல் அமைத்தது. அவ்வாண்டிற் செய்யப்பட்டவை 300 கார்களே. 1971-இல் ஹார்லி டேவிட்சன் நிறுவனத்தின் சூப்பர் கிளைடு என்னும் மோட்டார் சைக்கிள், படகின் பின்புறம் போன்ற கண்ணாடியிழைப் பின்பகுதியுடன் வெளிவந்தது. பெரிய இயந்திரங்களின்றிச் சிறு பட்டறையிலும் இதனைக் கையாற் செய்யலாம் என்பதே இப்பொருளின் சிறப்பு.

மூவுருவங்கள்

இத்தொழிலில் மூன்று உருவங்களைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது மூலவுரு, எமக்கு அது கடன் பெற்ற தகட்டு மூடி. இரண்டாவது, அதன்மேற் பூசி எடுக்கும் அச்சு. மூலத்தின் மேடு இதிற் பள்ளமாகும். மூன்றாவது, அச்சினுள் இட்டு எடுக்கும் பொருள். மூலவுருவிலுள்ள சிறு கீறலும் அச்சிற் பதியும். அச்சிற் பதிந்தது ஒவ்வொரு பொருளிலும் வரும்.

மூலவுருவின் விளிம்பு உட்புறமாக மடிந்திருப்பின், அச்சு அதனைக் கவ்விக்கொண்டு கழலாது. அத்தகைய உருவிற்கு அச்சை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்துச் செய்து, போல்ட்டுகளால் இணைத்தல் வேண்டும். எம் மூடி வாய் அகன்றிருந்தமையின் ஒரே அச்சு போதியதாயிற்று.

முதல் தோல்வி

மூடியிற் பழைய கீறல்கள் இருந்தன. அவற்றை மறைக்கப் புதிதாகப் பெயின்ட் அடித்தோம். மூன்றாம் நாளே ஒருமுறை மெழுகு தேய்த்து, ரெசினைப் பூசினோம். விடுமுறை முடியுமுன் வேலையை முடிக்க வேண்டும் என்னும் அவசரமே காரணம். மறுநாள் அச்சைக் கழற்ற முயன்றபோது அஃது அசையவில்லை. பாலியெஸ்டர் ரெசினிலுள்ள ஸ்டைரீன் என்னும் பொருள், நன்கு உலராத பெயின்டைச் சுருங்கச் செய்து தன்னோடு பிணித்துக்கொண்டது.

இப்பொழுது எம்முன் இரண்டு வழிகளே இருந்தன. இரும்புப் பட்டையைச் செருகி நெம்பினால் அச்சு பிழைக்கலாம். ஆயின், தகடு வளையும். அச்சை அறுத்தெடுத்தால் தகடு பிழைக்கும். எம் உழைப்பும் பொருட்செலவும் வீணாகும். எம்முள் ஒருவர், "சிறிது வளைந்தால் தட்டி நேராக்கிவிடலாம், அவருக்குத் தெரியவா போகின்றது?" என்றார். அவ்வுரை எம் மூவர்க்கும் சற்றுநேரம் இனித்தது என்பதை மறைத்தல் தகாது. ஈற்றில் தோழர் தாமே அறுவாளை எடுத்து அச்சை அறுத்தார். மூடி வளையாமல் வந்தது; ஆயின், அதன் பெயின்ட் முழுதும் உரிந்துபோயிற்று.

அதனை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் சென்று நடந்தது உரைத்தோம். அவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்னர் அவர் கேட்டது ஒன்றே: "மெழுகு எத்தனை முறை போட்டீர்கள்?" ஒருமுறை என்றோம். அவர் நகைத்து, மூடியை மீண்டும் எம் கையிலேயே கொடுத்தார்.

இரண்டாம் முயற்சி

இம்முறை எஞ்சிய பெயின்டை முற்றும் நீக்கி, வெறுந்தகட்டை 400, 800, 1200 என்னும் எண்ணுள்ள உப்புத்தாள்களால் முறையே தேய்த்து வழவழப்பாக்கினோம். பின்னர்க் கார்னௌபா மெழுகை ஆறு முறை பூசினோம். ஒவ்வொரு பூச்சையும் உலரவிட்டு, மென்துணியால் மெருகேற்றிய பின்னரே அடுத்ததைப் பூசினோம். இம்மெழுகு பிரேசில் நாட்டுப் பனையினத்து மரமொன்றின் ஓலையினின்று கிடைப்பது. அதன்மேல், பாலிவினைல் ஆல்கஹால் என்னும் நீர்மத்தை மெல்லிய படலமாகப் பூசி உலர்த்தினோம். இப்படலம் நீரிற் கரையும்; அதன் பயன் பின்னர் விளங்கும்.

அடுத்தது ஜெல்கோட். இதுவே அச்சின் முகம். ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த கனத்தில் இரு பூச்சாக இடவேண்டும். விரலால் தொட்டால் பசைபோல் ஒட்டவேண்டும், ஆனால் விரலோடு வரலாகாது. அப்பதமே மேட் இடுதற்கு உரிய பதம். முதலிற் சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மெல்லிய மேட் ஒன்றும், அது இறுகிய பின்னர் 450 கிராம் மேட் மூன்றும் இட்டோம். ஒவ்வொன்றையும் தூரிகையாற் குத்தி ஊறவைத்து, உருளையால் காற்றுக்குமிழ்களை வெளியேற்றினோம். நான்கையும் ஒருங்கே இட்டால், இறுகும்போது எழும் வெப்பத்தால் அச்சு கோணும்.

ரெசினை இறுகச் செய்வது எம்.இ.கே. பெராக்சைடு. ரெசினின் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு சேர்ப்பர். எம் ஊர் வெயிலுக்கு ஒரு பங்கே போதுமாயிற்று. ஆழ்ந்த குவளையில் மிகுதியாகக் கலந்து வைத்தால் அது சூடேறிப் புகையும். ஆதலின் ஒருமுறைக்கு 200 கிராமுக்கு மேற் கலந்திலேம். ரெசினை விரைந்து இறுகச் செய்யும் கோபால்ட்டையும் இப்பெராக்சைடையும் நேரே ஒன்றோடொன்று கலத்தல் ஒருபொழுதும் ஆகாது, அவை வெடிக்கும். பெராக்சைடு கண்ணிற் பட்டால் பார்வை போகும். ஆதலின், கண்ணாடி, கையுறை, நச்சாவியைத் தடுக்கும் முகமூடி ஆகியவற்றை அணிந்து, காற்றோட்டமுள்ள வெளியிலேயே இதனைச் செய்தல் வேண்டும்.

ஒரு வாரம் காத்திருந்தோம். பின்னர் மர ஆப்புகளை விளிம்பிற் செருகி, இடைவெளியில் நீர் ஊற்றினோம். படலம் கரைந்தது, 'டப்' என்னும் ஓசையுடன் அச்சு கழன்றது. அதனுட் பார்த்தபோது எம் முகங்கள் தெரிந்தன.

கருவும் அச்சும்

சுவாமிமலைச் சிற்பியரும் மெழுகைக் கொண்டே படிமம் வார்க்கின்றனர். மெழுகுருவின்மேல் மண்ணைப் பூசிச் சூடேற்ற, மெழுகு உருகி வெளியேறும். அது விட்ட இடத்தில் உலோகம் புகும். படிமத்தை எடுக்க மண்ணச்சை உடைத்தல் வேண்டும். ஆதலின் ஓர் அச்சிற்கு ஒரே படிமம். எம் தொழிலிலோ மெழுகு உருவாவதில்லை. உருவிற்கும் அச்சிற்கும் இடையே நின்று இரண்டையும் காக்கின்றது. அதனால் அச்சு உடையாது பல பொருள்களைத் தரும். அச்சிற்குக் 'கரு' என்பதும் தமிழிற் பெயர். உருவம் தோன்றுமுன் அதனைத் தாங்குவது கருவாதலின், அப்பெயரின் பொருத்தம் அச்சினுட் கைவைத்த அன்றே எமக்கு விளங்கிற்று.

முடிவுரை

அவ்வச்சிலிருந்து மூன்று மூடிகள் எடுத்தோம். ஒன்று தோழரின் வண்டியில் ஏறிற்று. மற்றொன்றைத் தகட்டு மூடியோடு பெரியவரிடம் கொடுத்தோம். தகட்டிற்கு அவர் விரும்பிய கறுப்புப் பெயின்டை அடித்து, இம்முறை இரண்டு வாரம் உலரவிட்டிருந்தோம். மூன்றாவதிற் காற்றுக்குமிழ்கள் நின்றுவிட்டன. அது விடுதியில் எம் மேசைமேல் இருக்கின்றது. அவசரப்படும் நாட்களில் அதனைப் பார்த்துக்கொள்கின்றோம்.