கண்ணுக்குத் தெரியாத நாலு அங்குலம்

டூசான், அரிசோனா

அன்புள்ள யாழினி,

பள்ளி கோல்ஃப் அணியில் இடம் பிடித்ததற்கு வாழ்த்து. சாண்ட்லர் வீட்டுப் பின்முற்றத்தில் பட்டிங் கிரீன் போட அப்பா சம்மதித்துவிட்டார், எந்தச் செயற்கைப் புல் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். புல்லைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பந்து புல்லின் மேல்தான் ஓடும். ஆனால் நேராக ஓடுமா, விலகுமா, நடுவில் துள்ளுமா என்பதையெல்லாம் முடிவு செய்வது அதற்கு அடியில் இருக்கும் நாலு அங்குலத் தளம். உங்கள் உழைப்பில் முக்கால் பங்கு அங்கேதான் போக வேண்டும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பாய். ஒரு சுற்றுக்குரிய அடிகளின் எண்ணிக்கையான பார் 72 என்றால், குழிக்கு இரண்டு பட் (பந்தைக் குழியை நோக்கி உருட்டும் அடி) வீதம் 18 குழிக்கு 36 பட் கிரீனின் மேல் என்பதும் அந்தக் கணக்கில் அடக்கம். பாதி ஆட்டம் அங்கேதான் நடக்கிறது. பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே எட்டடி தூரத்து பட்களில் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்றுதான் குழியில் போடுகிறார்கள். அந்த எட்டடி உன் வீட்டு முற்றத்திலேயே கிடைக்கும்.

உயிர்ப்புல்லில் கிரீன் வளர்ப்பது வீட்டுக்குத் தோதுப்படாது. ஏறக்குறைய தினமும் 3 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கத்தரிக்க வேண்டும். தண்ணீரும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கொலராடோ ஆற்றில் 2021 ஆகஸ்டில் முதன்முறையாகத் தண்ணீர்ப் பற்றாக்குறை அறிவித்தார்கள். மறு ஆண்டே அரிசோனாவின் பங்கு குறைந்தது. அந்த வகையில் செயற்கைப் புல் நியாயமான தேர்வு. அதே சமயம் அது பிளாஸ்டிக். பிய்த்துப் போட்டால் பெரும்பாலும் குப்பைமேட்டுக்குத்தான் போகும். ஒரு தடவை போட்டால் பல வருடம் நிற்கும்படி போடுவது நம் கடமை.

மண்வெட்டியைத் தொடுமுன் மூன்று வேலை இருக்கிறது. முதலாவது, 811 என்ற எண்ணுக்கு அழைத்தால் நிலத்தடி மின்கம்பி, எரிவாயுக் குழாய் போகும் இடங்களை இலவசமாக வந்து குறித்துக் கொடுப்பார்கள். அந்தக் குறி விழாமல் ஓர் அங்குலம்கூடத் தோண்டாதீர்கள். இரண்டாவது, உங்கள் குடியிருப்புச் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி வாங்கச் சொல். மூன்றாவது, வீட்டு ஜன்னல்களைக் கவனி. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பூச்சுள்ள கண்ணாடியில் பட்டுத் தெறிக்கும் வெயில், செயற்கைப் புல்லை உருக்கிவிடும். ஒரு நாள் முழுக்க அந்த வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை விட்டுவிடு. ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலும் பருவமழையும் மாறி மாறிப் படுத்தும். அக்டோபர் கடைசியில் தொடங்குங்கள்.

இப்போது அளவு. புல் பெரும்பாலும் 12 அல்லது 15 அடி அகலச் சுருளாக வரும். கிரீனின் அகலம் அதற்குள் அடங்கினால் நடுவில் ஒட்டே வராது. 12க்கு 25 அடி உனக்குத் தாராளம். 300 சதுர அடி. நாலு அங்குலக் கனத்துக்குத் தளம் போட 100 கன அடி ஜல்லித்தூள் கலவை வேண்டும். இடித்தால் அமுங்கும் என்பதால் 125 கன அடியாக வரவழைக்க வேண்டும். தோண்டிய மண்ணும் ஏறத்தாழ அதே அளவு வெளியே போக வேண்டும். அப்பாவிடம் இதை இப்போதே சொல்லிவிடு.

சாண்ட்லர் பக்கம் தோண்டும்போது வெள்ளையாக, சிமென்ட் போல இறுகிய சுண்ணாம்புப் படுகை தட்டுப்படலாம். கலீச்சே என்பார்கள். தண்ணீர் அதற்குள் இறங்காது. அப்படி வந்தால் தோண்டிய அடிப்பரப்பையே ஒரு பக்கம் சரியவிட்டுத் தண்ணீருக்கு வழி செய்ய வேண்டும். அந்தச் சரிவு வீட்டுச் சுவருக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். மண்ணும் ஜல்லியும் கலந்துவிடாமல் நடுவில் வடிதுணி ஒன்றை விரித்துவிடுங்கள்.

அடுத்துத் தளம். கீழே மூன்று அங்குலம் பொடிஜல்லி, மேலே ஓர் அங்குலம் நைந்த கிரானைட் தூள். மொத்தமாகக் கொட்டி ஒரேயடியாக இடித்தால் மேல்தோல் மட்டும் இறுகும். உள்ளே பொலபொலவென்றே இருக்கும். இரண்டு அங்குலத்துக்கு மேல் போகாதபடி பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, இடித்து, அதன் பிறகு அடுத்த அடுக்கு. நம் ஊரில் திமிசுக் கட்டையால் செய்கிற வேலையை இங்கே வாடகைக்குக் கிடைக்கும் அதிர்வு இயந்திரம் செய்யும். அதை அப்பாதான் ஓட்ட வேண்டும். குதிகாலால் அழுத்திப் பார்த்தால் தடம் விழக் கூடாது.

வாட்டம் எவ்வளவு வைப்பது? நூற்றுக்கு இரண்டு போதும். 12 அடி அகலத்தில் ஏறக்குறைய 3 அங்குலம் இறங்கும். நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால், வேகமான பரப்பில் பந்து குழியருகே நிற்காமல் உருண்டுவிடும். குழியைச் சுற்றி மூன்றடிக்குப் பரப்பு ஒரே சீராக இருக்க வேண்டும். தளம் முடிந்ததும் மட்டப்பலகை பிடித்துப் பார், குழாயால் தண்ணீர் விட்டுத் தேங்கும் இடங்களைச் சுண்ணாம்பால் குறி, காய்ந்த பின் வெறும் தளத்தின் மேலேயே பந்தை உருட்டு. எங்கெல்லாம் தத்துகிறதோ அங்கெல்லாம் சீவி, நிரப்பி, மறுபடி இடி. புல் விரித்த பிறகு இந்தப் பிழைகளைத் திருத்த முடியாது.

குழிக்கு விட்டம் நாலேகால் அங்குலம், ஆழம் குறைந்தது நாலு அங்குலம். குழிக்குள் பதிக்கும் கிண்ணத்துக்கு அடியில் கூழாங்கல் போட்டால் மழைநீர் இறங்கும். சுற்றிலும் கொஞ்சம் கான்கிரீட். கிண்ணத்தின் விளிம்பு தளத்துக்கு மேல் ஒரு நூல்கூட எழும்பக் கூடாது. மூன்று குழி வை. ஒன்றுக்கொன்று ஆறு, எட்டு, பத்து அடி என்று தூரம் மாறும்படி பார்த்துக்கொள்.

இனி புல். நைலானில் மணல் தேவைப்படாத வகை உண்டு, விலை கூடுதல். பாலிப்ரொப்பிலீன் வகைக்கு மணல் நிரப்ப வேண்டும். வேகத்தை நாமே கூட்டிக் குறைக்கலாம் என்பதால் உனக்கு இதைத்தான் சொல்வேன். சுருளை வெயிலில் சில மணி நேரம் விரித்துப் போட்டால் மடிப்பு நீங்கும். பின்புறத்திலிருந்து, தையல் வரிசைகளுக்கு நடுவே வெட்டு. இழுத்து விறைத்து, ஓரங்களில் துத்தநாகம் பூசிய ஆணி அடியுங்கள். பிறகு உலர்ந்த சிலிக்கா மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, இழையின் எதிர்த்திசையில் விறைப்பான துடைப்பத்தால் தள்ளு. தூசி நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் இல்லாமல் தொடாதே.

வேகத்தை அளக்கவும் வழி இருக்கிறது. 1935இல் ஓக்மாண்டில் நடந்த யு.எஸ். ஓப்பனைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன் அதற்கு ஒரு கருவி செய்தார். இன்று புழங்குவது பள்ளம் வைத்த மூன்றடி அலுமினியச் சட்டம். மெல்ல உயர்த்தினால் ஏறத்தாழ 20 டிகிரியில் பந்து தானாக உருண்டு இறங்கும். மூன்று பந்து ஒரு திசையில், மூன்று எதிர்த்திசையில். ஓடிய தூரத்தின் சராசரி அடிக்கணக்கில் வேகம். நீங்கள் ஆடும் மைதானத்தின் எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள். மணலும் உருளையும் கொண்டு உன் கிரீனை அதற்குப் பக்கத்தில் கொண்டு வா. மிக வேகமான கிரீன் பார்க்க அழகு. போட்டிக்குப் பழக உதவாது.

இந்தக் கிரீன் தொடுக்கும் கோட்டையும் அடிக்கும் பலத்தையும் கற்றுத்தரும். பனி ஈரம், காலடித் தடம், மாலையில் வளர்ந்த புல் ஆகியவற்றைப் படிக்க மைதானத்துக்குத்தான் போக வேண்டும். கோடைப் பகலில் இந்தப் பரப்பு 150 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும். காலையிலும் அந்தி சாய்ந்த பிறகும் மட்டும் ஆடு. வெறுங்காலோடு ஏறாதே.

விளம்பரங்கள் புல்லின் நிறத்தைக் காட்டும், தளத்தைக் காட்டாது. செலவைச் சுருக்க வேண்டி வந்தால் கிரீனைச் சிறிதாக்கு, தளத்தை மெலிதாக்காதே. அடுத்த வாரத்துக்குள் முற்றத்தின் படத்தை அளவு குறித்து அனுப்பு: ஜன்னல் எங்கே, தண்ணீர் வடியும் திசை எது, 811 ஆட்கள் போட்ட குறிகள் எங்கே. அதைப் பார்த்து வாட்டக் கோட்டை நான் வரைந்து அனுப்புகிறேன். அதுவரை புல்லுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்.

அன்புடன்,
மாமா