வழி சொன்னவர்கள் போகவில்லை

மீட்பர் பிறந்த செய்தியை மூவகை மனிதர் எதிர்கொண்ட விதத்தை மத்தேயு நற்செய்தி 2ஆம் அதிகாரம் காட்டுகிறது.

ஏரோது அரசன் அரியணை பறிபோகுமென அஞ்சினான். அச்சம் குழந்தைகளின் கொலையில் முடிந்தது. புறவினத்தாரான ஞானிகள் விண்மீனை நம்பி வந்து, பாலனைத் தெண்டனிட்டு வணங்கினர்.

தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞருமோ, இறைவாக்கினர் மீக்காவை எடுத்துக்காட்டிப் பிறப்பிடத்தைத் தடுமாறாமல் கூறினர். யெருசலேமிலிருந்து பெத்லகேம் ஏறக்குறைய 9 கிலோமீற்றர். இரண்டு மணி நேர நடை. ஆயினும் அவர்களுள் எவரும் சென்றதாக நற்செய்தியில் இல்லை. வழி கேட்டவர்களே சென்றடைந்தனர்.

அன்பர்களே, ஞாயிறுதோறும் இறைவார்த்தை கேட்கும் நமக்கு ஏரோதின் ஆபத்தைவிட இவர்களின் ஆபத்தே அருகிலுள்ளது. ஞானோபதேசம் மனப்பாடமாயிருந்தும், துயருறும் அயலவரிடம் எழுந்து போகாவிடில் நாமும் கைகாட்டி மரங்களே. அவை வழியைக் காட்டும், நடப்பதில்லை.