தரங்கம்பாடிப் புதிய எருசலேம் ஆலயம்

காவிரி நாட்டின் கடற்கரையிலே, தரங்கம்பாடி இராச வீதியில் இவ்வாலயம் நிற்கின்றது. ‘புதிய’ என்னும் அடைமொழிக்குக் காரணம் கடலே. 1706-ஆம் ஆண்டில் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், 1707-இல் கட்டிய முதல் ஆலயத்தைக் கடல் சிதைத்தமையால், 1718-இல் இதனை எழுப்பினார். மறு ஆண்டே, முப்பத்தாறு வயதிற் காலமாகி இதனுள்ளேயே அடக்கம் பெற்றார்.

2004-இல் ஆழிப்பேரலையும் இவ்வூரைத் தாக்கிற்று. எனினும் யாம் பெரிதும் அஞ்சுவது நாள்தோறும் வீசும் உப்புக்காற்றையே. செங்கற் சுவரில் ஊறும் உப்பீரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே உலரவிடும். சிமெண்டுப் பூச்சோ அடைத்து வைக்கும். அடைபட்ட உப்பு செங்கல்லை உள்ளிருந்தே பொடியாக்கும். பழைய ஆலயங்களுக்குச் சிமெண்டு பூசுவோர் அன்பினாலேதான் பூசுகின்றனர். கேடும் அங்ஙனமே நேர்கின்றது. சுண்ணாம்பைப் பதமறிந்து குழைக்கவல்ல கொத்தரோ இன்று அருகி வருகின்றனர்.