பரிசுக்கு டார்ச் லைட்: பார்த்து விற்போம்

"நல்ல பவர்புல் டார்ச் கொடுங்கள், பரிசு கொடுக்க வேண்டும்" என்று கேட்டு வருவோருக்கு, பெட்டியில் பெரிய எண் உள்ளதை எடுத்துக் கொடுத்தால் போதாது. மூன்று கட்டை டார்ச் மட்டுமே பழகியவர் கையில் அது போகிறது. நாம் கவனிக்க வேண்டியவை:

1. உபயோகம்: மின்தடைக்கு என்றால் பரந்த ஒளி போதும். இரவில் தோட்டத்துக்குப் போகிறவருக்குத் தூரம் எட்ட வேண்டும். லூமென் என்பது மொத்த ஒளி. தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டெலா. தரநிலைப்படி பெட்டியில் போடும் மீட்டர் கணக்கு, வெளிச்சம் 0.25 லக்ஸாக மங்கும் இடம் வரைதான். அது நிலா வெளிச்சம் போன்றது. அதில் பாதித் தூரத்தைச் சொல்லி விற்பதே நேர்மை.

2. பேட்டரி: 18650 லித்தியம் செல்லின் கொள்ளளவு பொதுவாக அதிகபட்சம் சுமார் 3,500 மில்லி ஆம்பியர் மணி. 9,900 என்று அச்சிட்டிருந்தால் அது பொய். அந்தச் சரக்கை வாங்காதீர்கள். செல்லில் ஐ.எஸ். 16046 முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. பாதுகாப்பு: புதியவருக்கு, செல்லைக் கழற்றாமல் டார்ச்சிலேயே சார்ஜ் ஏறும் வகையே ஏற்றது. தனி செல் சட்டைப் பையில் சில்லறை, சாவியோடு உரசினால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். உச்ச வெளிச்சத்தில் தலைப்பகுதி கொதிக்கும். கண்ணில் அடிக்கக் கூடாது. இவற்றைச் சொல்லியே கொடுங்கள்.

வாங்குபவர் ஒருவர், உபயோகிப்பவர் இன்னொருவர். கோளாறு வந்தால் இருவரும் சொல்லப்போவது நம் கடைப் பெயரைத்தான்.